வோலின் நகர மன்றத்தாருக்கு: அந்தக் குன்றுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்

மதிப்புக்குரிய வோலின் நகர மன்றத்தாருக்கு,

வணக்கம். போலந்தில் இருக்கும் உங்கள் ஊரின் தென்புறத்துத் தூக்குமேட்டுக் குன்றைப் பற்றித்தான் இந்த மடல். பார்வைக் கோபுரம் கட்டலாம் என்று திட்டமிட்ட இடம் அது. கட்டுமானத்துக்கு முன்பு தொல்லியலாளர் வோய்ச்சியெக் பிலிபோவியாக் அங்கே தோண்டிப் பார்த்தார். கரிந்த மரம் கிடைத்தது. 10ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அரண் ஒன்றின் எச்சமாக இருக்கலாம் என்றார். அவ்வளவுதான், 2023இல் வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் வரை விஷயம் போய்விட்டது: வைகிங்குகளின் ஜோம்ஸ்போர்க் கோட்டை கிடைத்துவிட்டதாமே!

எனக்கு உங்கள் ஊரில் ஓட்டு இல்லை, நான் அங்கே வரி கட்டுகிறவனும் இல்லை. ஜோம்ஸ்வைகிங் கதையை ரசித்துப் படித்தவன் என்பது ஒன்றுதான் என் தகுதி. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களுக்குப் பெயர்த்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். ஆனால் தமிழில் இந்தச் செய்தியைக் கேள்விக்குறி இல்லாமல் பகிர்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசை.

கேட்க வந்தது இதுதான்: குன்றை முழுமையாக ஆராய்ந்து, மரத்தின் காலம் தெளிவாகும்வரை, அங்கே 'ஜோம்ஸ்போர்க்' என்று பலகை வைக்காதீர்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1200ஆம் ஆண்டையொட்டி ஐஸ்லாந்தில் எழுதப்பட்டது ஜோம்ஸ்வைகிங்குகளின் சாகா, அதாவது அவர்களுடைய வீரர்கதை. பால்னாதோகி என்ற டேனிஷ் வீரனுக்கு பால்டிக் கரையில் வாழ்ந்த ஸ்லாவியரான வெந்துகளின் அரசன் நிலம் கொடுக்கிறான். அங்கே அவன் கோட்டை கட்டுகிறான். துறைமுகமே கோட்டைக்குள் இருக்கிறது, 300 போர்க்கப்பல்கள் நிற்குமாம். நுழைவாயிலில் கல் வளைவு, இரும்புக் கதவு, மேலே கவண் பொறிகள். உள்ளே இருப்பவர்களுக்குச் சட்டங்கள் கடுமை: 18 வயதுக்குக் கீழும் 50 வயதுக்கு மேலும் யாருக்கும் இடமில்லை. பெண்களுக்கு அனுமதி இல்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மூன்று நாளுக்கு மேல் வெளியே தங்கக்கூடாது. கொள்ளை எல்லாருக்கும் பொது.

அப்புறம் குடித்துவிட்டு விட்ட சவடாலால் நார்வேயை ஆண்ட ஹாகோன் மீது படையெடுத்து, யோருங்காவோக் என்ற கடற்குடாவில் தோற்கிறார்கள். பிடிபட்டவர்களை வரிசையாக உட்கார வைத்துத் தலையை வெட்டும் இடம்தான் கதையின் உச்சம். நீண்ட பொன்னிற முடிக்காரன் ஒருவன், முடியில் ரத்தம் படாமல் யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறான். ஒருவன் வந்து முடியைக் கையில் சுற்றிப் பிடிக்கிறான். கோடரி இறங்கும் நேரம் பார்த்து இவன் தலையைப் பின்னுக்கு இழுக்க, வெட்டு பிடித்தவன் கைகளில் விழுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். எழுதியவன் பெரிய கதைசொல்லி, அதில் சந்தேகமே இல்லை. வரலாற்றாசிரியனா என்பது வேறு கேள்வி. சண்டை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் சாகா எழுதிய காலத்துக்கும் இடையில் ஏறக்குறைய 200 ஆண்டு.

நெருங்கிய காலத்துச் சாட்சிகள் இன்னும் சுவாரசியமானவை. 965 வாக்கில் இந்தப் பக்கம் பயணம் செய்த இப்ராகிம் இப்னு யாக்கூப், கடலோரத்தில் பன்னிரண்டு வாயில்களும் துறைமுகமும் கொண்ட ஸ்லாவியர் நகரம் ஒன்றைக் குறித்து வைத்தார். 1070களில் பிரெமன் நகரத்து வரலாற்றாசிரியர் ஆடம், ஓடர் ஆற்றின் முகத்துவாரத்தில் யும்னே என்றொரு நகரம் இருப்பதாகவும், ஐரோப்பாவிலேயே பெரியது அதுதான் என்றும் எழுதினார். ஸ்லாவியரோடு கிரேக்கர் உட்படப் பல இனத்தார் அங்கே வசித்தார்களாம். சாக்சன் வணிகரும் தங்கலாம், தங்கள் மதத்தை வெளிக்காட்டாமல் இருந்தால். மகனோடு போரிட்டுக் காயம்பட்ட டேனிஷ் அரசர் ஹரால்ட் புளூடூத் தப்பிவந்து உயிர்விட்டதும் இந்த நகரத்தில்தான் என்கிறார். (நம் போனில் இருக்கும் புளூடூத் அவர் பெயர்தான், அந்தச் சின்னம் அவர் பெயரின் முதலெழுத்துகளான இரண்டு ரூன் எழுத்துகளை (பழைய வடக்கத்திய எழுத்து) ஒன்றாகச் சேர்த்தது.) 'ஐரோப்பாவிலேயே பெரியது' என்பது மிகை, விடுங்கள். ஆனால் இவ்வளவு சொன்ன ஆடம் ஜோம்ஸ்வைகிங் என்ற கூட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெண்களே இல்லாத வீரர் கோட்டை பக்கத்தில் இருந்திருந்தால், இவ்வளவு வம்பு எழுதுகிற மனிதர் அதை விட்டிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த யும்னே உங்கள் வோலின்தான் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஷோ வாதிட்டார். இன்று பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கிறார்கள். யும்னே என்ற பெயர் ஏட்டுக்கு ஏடு திரிந்து வினேத்தா ஆகி, கடலில் மூழ்கிய நகரம் என்ற கட்டுக்கதையும் சேர்ந்தது. ஜெர்மனியில் பார்த் என்ற ஊர் வினேத்தா தன்னுடையது என்று விளம்பரப்படுத்திக்கொள்கிறது. அதற்கு நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அவர்கள் செய்வதையே தூக்குமேட்டில் நீங்களும் செய்யப் பார்க்கிறீர்கள்.

இந்த ஊரைத் தோண்டியவர்கள் எல்லாருமே முன்கூட்டியே ஏதோ ஒன்றை எதிர்பார்த்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 1930களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இங்கே பெரிய அகழாய்வு தொடங்கியபோது நாஜி ஆட்சி. நோர்டிக் வீரர்கள் நிறுவிய நகரம் என்று நிரூபணமானால் ஆட்சியாளர்களுக்கு இனித்திருக்கும். மண்ணிலிருந்து வந்தது பெரும்பாலும் ஸ்லாவியர் பானை ஓடு. 1945க்குப் பிறகு நிலம் போலந்துக்கு வந்தது. இது ஆதியிலிருந்தே ஸ்லாவியர் மண் என்று காட்ட வேண்டிய தேவை புதிய அரசுக்கு. 1950களில் தொடங்கி விளாதிஸ்வாஃப் பிலிபோவியாக் பல பத்தாண்டுகள் பொறுமையாகத் தோண்டினார். துறைமுகத்தின் மரமேடைகள், பட்டறைகள், கோயில் என்று கருதத்தக்க கட்டடம், எல்லாம் வெளிவந்தன. கூடவே ஸ்காண்டிநேவியப் பொருள்களும் வந்தன. அன்றைய அரசுக்கு அது அவ்வளவு ருசித்திருக்காது. இன்று காலம் மாறி, வைகிங் என்றால் சுற்றுலாக் கூட்டம் வருகிறது. நாஜிகளோடு உங்களை ஒப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டியதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு மண்ணிடம் போவது இந்த ஊருக்குப் பழைய வியாதி என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, கரிந்த மரத்துக்கு வருவோம். நார்வே அரசர் மாக்னஸ் 1043இல் ஜோம்ஸ்போர்க்கைத் தாக்கி எரித்தார் என்று வடக்கத்திய மரபு சொல்கிறது. எரிந்த அரண் கிடைத்ததும் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பு. ஆனால் எரிந்த மரம் என்ன சொல்லும், என்ன சொல்லாது? மரத்தின் வளையங்களை எண்ணி, மரப்பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் மிச்சமிருந்தால், வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். நெருப்பு முதலில் தின்பது அந்த வெளி வளையங்களைத்தான். கரிமக் கணிப்பு துல்லியமான ஆண்டைத் தராது, ஒரு கால வரம்பைத்தான் தரும். எப்படிக் கணித்தாலும் கிடைப்பது மரம் வளர்ந்த காலம், அல்லது அதை வெட்டிய காலம். பற்றவைத்த காலம் அல்ல, பற்றவைத்தவன் பெயரும் அல்ல.

10ஆம் நூற்றாண்டில் இங்கே அரண் கட்டக் காரணம் உள்ளவர்கள் பலர். நகரத்து ஸ்லாவியர்களுக்கே தேவை இருந்தது. 967இல் போலந்தின் முதலாம் மியெஷ்கோவோடு அவர்கள் போரிட்டார்கள். ஹரால்டின் ஆட்கள் கட்டியிருக்கலாம். மியெஷ்கோவின் ஆட்கள் கட்டியிருக்கலாம். எரித்தவர் யார் என்றாலும் அப்படித்தான்: மாக்னஸ் ஒருவர், 12ஆம் நூற்றாண்டில் இந்த நகரத்தைத் தாக்கிய டேனியர்கள் இன்னொருவர், அடுப்பிலிருந்து பறந்த பொறியாகவும் இருக்கலாம். மரத்தால் கட்டிய ஊர்கள் எரிவதற்கு அரசர்கள் வரவேண்டிய அவசியமில்லை.

டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். டிரெல்லெபோர்க் என்ற வட்டக் கோட்டையை 1930களில் தோண்டினார்கள். கச்சிதமான வட்டம், நான்கு வாயில்கள், நான்கு நான்காக ஒழுங்காக அடுக்கிய நீள்வீடுகள். உடனே எல்லாருக்கும் ஜோம்ஸ்வைகிங் பாசறைதான் நினைவுக்கு வந்தது. அப்புறம் மரவளையங்கள் 980-981 என்று காலம் காட்டின. அது ஹரால்ட் புளூடூத்தின் ஆட்சி. பக்கத்து இடுகாட்டில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களைச் சோதித்தபோது, பலர் அந்த வட்டாரத்தில் பிறந்தவர்களே அல்ல என்று தெரிந்தது. சாகா சொன்ன ஆண்கள் மட்டுமே வாழும் கோட்டை காற்றில் போயிற்று. அதைவிடச் சுவையான ஒரு கோட்டை கையில் நின்றது. 2014இல் போர்க்ரிங் என்ற ஐந்தாவது வட்டக் கோட்டையைக் கண்டுபிடித்தவர்களும் லேசர் அளவை, நிலத்தின் காந்தத்தை அளக்கும் கருவி, அப்புறம் அகழ்வு, அப்புறம் காலக்கணிப்பு என்று முறையாகப் போனார்கள். ஐந்தும் சேர்ந்து 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மெதுவாகப் போனதால் டென்மார்க்கின் சுற்றுலா ஒன்றும் படுத்துவிடவில்லை.

அவசரத்தால் வரும் கேட்டுக்கு உங்கள் பக்கத்து ஊரான வியெய்கோவோவே உதாரணம். 2014இல் ஸ்வீடனில் ஒரு பள்ளிச் சிறுமியின் கையிலிருந்து வெளிவந்தது ஒரு பொன்வட்டு. ஹரால்டின் பெயரும் யும்னேயும் அதில் பொறித்திருக்கிறது. வியெய்கோவோ தேவாலயத்தில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த புதையலைச் சேர்ந்தது என்கிறார்கள். அகழ்வுக்குழியில் எடுத்ததல்ல, ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வந்தது. அதனால் அது உண்மைதானா என்ற தகராறு இன்றுவரை ஓயவில்லை. 2022இல் ஹரால்டின் கல்லறையே அந்தத் தேவாலயத்தின் அடியில்தான் என்று ஒருவர் அறிவிக்க, அதற்கும் தலைப்புச் செய்தி. வோய்ச்சியெக் பிலிபோவியாக் அதை மறுத்தார். எந்தப் பக்கம் சரி என்பது இருக்கட்டும். இத்தனை பரபரப்பிலும் ஒரு கூடை மண்கூட ஒழுங்காகச் சலிக்கப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை நினைத்தால் இந்த ஆலாபனைகள் தேவையே இல்லை. ஜிவ்னா ஆற்றங்கரையில் நீண்டு கிடந்த துறைமுக நகரம். அம்பர் வேலை, மான்கொம்பில் சீப்பு செய்கிறவர்கள், அரபு வெள்ளிக்காசு புழங்கிய சந்தை. 1974இல் கிடைத்த, நான்கு பக்கமும் முகம் கொண்ட மரச்சிலை. உயரம் சுமார் 9 செ.மீ. ஆனால் அதைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் எதை நம்பினார்கள் என்று கொஞ்சமாவது தெரிகிறது. 1124இல் கிறித்தவம் போதிக்க வந்த பாம்பர்க் ஆயர் ஓட்டோவை உங்கள் முன்னோர் அடித்துச் சேற்றில் தள்ளிய கதையும் எழுத்தில் இருக்கிறது. தூணில் செருகிய ஒரு பழைய ஈட்டியை அவர்கள் வணங்கினார்கள், அது ஜூலியஸ் சீசருடையது என்று நம்பினார்கள் என்றும் ஓட்டோவின் வரலாற்றை எழுதிய துறவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சாகா எழுதியவனுக்குக்கூட இப்படிக் கற்பனை ஓடவில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். குன்றில் இனி எது கட்டுவதானாலும், அடித்தளம் விழும் சதுரத்தை மட்டும் பார்க்காமல் அரண் ஓடும் திசை முழுக்கத் தோண்ட அனுமதியும் காசும் கொடுங்கள். அந்த இடத்தில் பழைய இடுகாடும் இருக்கிறது, மணல் அள்ளிய குழிகளும் இருக்கின்றன. அடுக்குகள் கலங்கிப் போயிருக்கும், நாள் பிடிக்கும் வேலை. காலக்கணிப்பு முடிவுகளை, உங்களுக்கு வேண்டிய ஆண்டு வந்தாலும் வராவிட்டாலும், போலிஷ் மொழியில் நகர மக்களுக்கும் ஆங்கிலத்தில் வெளியாருக்கும் உடனுக்குடன் வெளியிடுங்கள். உலோகங்காட்டிக் கருவியோடு இரவில் குன்றேறி வரும் புதையல் ஆசைக்காரர்களைத் தடுக்க ஓர் ஆளைப் போடுங்கள். செய்தி வந்தபின் அவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் மாதத்து ஸ்லாவியர்-வைகிங் விழாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தாராளமாகச் சண்டை போடுங்கள், பால்னாதோகி வேடம் கட்டுங்கள், அந்த முடிக்காரன் காட்சியையும் நடித்துக் காட்டுங்கள். விழாத் திடலில் கதைக்கு இடம் உண்டு. குன்றின் மேல் வைக்கும் பலகையில் மட்டும் தெரிந்ததை எழுதுங்கள்: இங்கே 10ஆம் நூற்றாண்டு அரணின் எச்சமாகக் கருதப்படும் கரிந்த மரம் கிடைத்தது, கட்டியவர் யார் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். கீழே அடுத்த அகழ்வு எப்போது தொடங்கும் என்ற தேதியையும் போட்டுவிட்டால், வருகிறவர்கள் மறுபடியும் வருவார்கள்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து ஒரு வாசகன்