‘ர’ வேறு, துணைக்கால் வேறு: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பகம் நடத்துகிறவர்களுக்கும், அவர்களுக்குப் பக்கம் வடிவமைத்துத் தரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் மெய்ப்பு பார்க்கிறவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துகிறவன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால், அதற்கு முந்தைய சில மாதங்கள் எங்கள் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. எழுத்துப்பிழை பற்றி நாம் எப்போதும் பேசிக்கொள்வதுதான். இந்த மடல், பிழையே இல்லாத பக்கத்தையும் படிக்க விடாமல் செய்யும் எழுத்துருவைப் பற்றியது.

அட்டையில் எழுத்து எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும், நான் வாய் திறக்கமாட்டேன். உள்ளே இருக்கும் 300 பக்கத்தைப் பற்றித்தான் என் புகார்.

எழுத்துருவைப் பெரும்பாலும் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். 200 சதவீதத்தில் எல்லா எழுத்தும் அழகுதான். தமிழுக்குச் சோதனை சிறிய அளவில்தான் வரும். ‘ர’வையும் துணைக்காலையும் (‘ா’) பிரித்துக் காட்டுவது, ‘ர’வின் அடியில் சாய்வாக இறங்கும் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு மெலிந்த எழுத்துருவை 10 பாயின்டில் (அச்செழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) அடித்தால் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடுகிறது. ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பது ஒரு சுழி. மை கொஞ்சம் பரவினால் சுழி அடைபட்டு, குறிலா நெடிலா என்று வாசகர் ஊகிக்க வேண்டியதாகிறது. தடித்த எழுத்தைத் தனியாக வரைந்து வைக்காத எழுத்துருவை மென்பொருளே தடிக்க வைத்தால் ‘ண’, ‘ஞ’ இரண்டின் உட்புறமும் மூடிப்போகும். சாய்வெழுத்தோ நம் மரபில் இல்லாதது. ஆங்கில நூல்களைப் பார்த்து மேற்கோளையெல்லாம் சாய்க்கிறோம். அரைப் பக்கச் சாய்வெழுத்தை ஒரே மூச்சில் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அதைத் தொடரலாமா என்று முடிவெடுங்கள்.

பாயின்ட் கணக்கை மட்டும் நம்பவும் கூடாது. ஓர் எழுத்துருவின் 11 பாயின்ட் இன்னொன்றின் 10 அளவுக்குக்கூட இருக்காது. வரி இடைவெளியும் அப்படித்தான். பக்க வடிவமைப்பு மென்பொருள் தானாகப் போடும், எழுத்தளவில் 120 சதவீத இடைவெளி ஆங்கில எழுத்தை மனதில் வைத்தது. தமிழில் மேலே ‘ீ’ சுழிக்கும், கீழே ‘மூ’வும் ‘ழு’வும் இறங்கும். 11 பாயின்ட் எழுத்துக்கு 16 பாயின்ட் இடைவெளி கேட்டால் ‘பக்கம் கூடிவிடும், விலை ஏறும்’ என்கிறீர்கள். சரி, கூடட்டும். படிக்காமல் மூடிவைக்கும் புத்தகம் எந்த விலையில் விற்றால் என்ன?

இதைவிடப் பெரிய சங்கடம், எழுத்துகளுக்கு ஒவ்வொன்றும் தன் போக்கில் கணினிக் குறியீடு வைத்திருக்கும் பழைய குறியீட்டு எழுத்துருக்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. தமிழக அரசே 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் எழுத்தாளர் யூனிகோடில் அனுப்புவதைப் பழைய குறியீட்டுக்கு மாற்றிப் பக்கம் கட்டி, மின்னூலுக்காக மறுபடி யூனிகோடுக்குக் கொண்டுவரும் பழக்கம் போகவில்லை. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ‘கொ’ உடைந்து வந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இப்போது பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இந்தப் போக்குவரத்தில் அதிகம் அடிபடுவது ‘ர்’. பழைய அச்சு வடிவத்தில் ‘ர்’ருக்கு அடியில் சாயும் அந்தக் கோடு கிடையாது. அதனால் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்தாலே ‘ர்’ ஆகிவிடும். குறியீடு மாற்றும் மென்பொருள் அதை அப்படியே யூனிகோடாக்க, ‘தமிழர்’ என்பது ‘தமிழா்’ என்று வந்து நிற்கிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்பில் என் கண்ணுக்கும் தப்பிவிடும். தேடல் பெட்டியில் சரியாகத் தட்டுகிறவருக்கு உங்கள் புத்தகம் அகப்படாது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் பார்வையற்ற வாசகருக்கும் அது ‘ர்’ அல்ல. ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வும் தட்டுவதும் இதே ரகம். ஆகவே ‘ர்’ருக்கும் அந்தச் சாய்கோட்டைத் தெளிவாகப் போடும் எழுத்துருவில் மெய்ப்பு அனுப்புங்கள், பாதிப் பிழை தானாக வெளியே வரும்.

இணையதளம் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வெள்ளையில் வெளிறிய சாம்பல் எழுத்து வேண்டாம்; இணைய அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்பது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு. கைபேசியில் வரிகளின் இரு ஓரமும் நேராக நிற்கும்படி சமன் செய்யாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. ‘சொல்லிக்கொண்டிருந்தார்களாம்’ வந்தாலே அந்த வரி முழுதும் ஓட்டை விழும்.

காசு ஒரு காரணமே இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை ஆகிய எழுத்துருக்கள் எல்லாமே, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. நீண்ட உரைநடைக்கு என் விருப்பம் நோட்டோ செரிஃப். கட்டுரைத் தலைப்புக்கு முக்தா மலர். உங்களுக்கு வேறு பிடித்திருக்கலாம்.

எதுவானாலும் அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பக்கத்தை, அச்சிடப்போகும் அதே தாளில், அதே அளவில் எடுத்து, அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் இரவு விளக்கில் படிக்கக் கொடுங்கள். நூல் விவரப் பக்கத்தில் தாளையும் அச்சகத்தையும் குறிப்பிடுகிறீர்களே, கூடவே எழுத்துருவின் பெயரையும் அளவையும் போடுங்கள். எது படிக்க வசதி என்று வாசகர்கள் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
மெய்ப்பு பார்ப்பவன்