அறிக்கை எழுதும் டொக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையக ஆஸ்பத்திரிகளில் பாலியல் தொல்லை வழக்குகளுக்கு உளநல அறிக்கை எழுதும் டொக்டர்மாருக்கு வணக்கம்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். முறைப்பாடு கொடுத்த என் சித்தி மகளுக்குத் துணையாக உங்களில் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வார்டில் வேலை செய்யும் ஓர் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் தோட்டத்திலேயே பக்கத்து டிவிசன்காரர், அதாவது பக்கத்துப் பிரிவில் இருப்பவர். அவர் முன்னால் எதை வாய்விட்டுச் சொல்வாள்?

"பெரட்டுக்குப் போகவே காலு வரமாட்டேங்குது" என்றாள். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தொல்லை கொடுத்த அந்த ஆள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம் அது. அண்ணன் சிங்களத்தில் சொன்னது, வேலைக்குப் போக விருப்பமில்லையாம். எனக்குச் சிங்களம் விளங்கும். குறுக்கிட்டேன், பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு விசாரணையில் அறிக்கையை வாசித்தார்கள்: வேலையில் நாட்டமில்லை, சிரித்தபடி பதில் சொன்னார், கவலை தெரியவில்லை.

பெரியவர்கள் முன்னால் சிரித்துச் சமாளிப்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போனது. மடியில் தாவணி நுனியை அவள் முறுக்கிக்கொண்டே இருந்ததை யாரும் எழுதவில்லை.

வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் வழக்குகளுக்கு அறிக்கை எழுதும் நூற்றுக்கும் மேற்பட்ட தடயவியல் உளவியலாளர், மனநல மருத்துவர்களிடம் ஒரே கோப்புகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. அரச தரப்புக்காக வேலை செய்வதாக நம்பியவர்கள் குற்றவாளியின் ஆபத்தைக் கூட்டிப் போட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் தரப்புக்கென்று நம்பியவர்கள் குறைத்துப் போட்டார்கள். யார் கூப்பிட்டது என்பதே மதிப்பெண்ணை மாற்றுமென்றால், தோட்டத்துப் பொம்பளை என்றால் இப்படித்தான் என்ற எண்ணம் பேனாவில் இறங்காதா?

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் அவள் தூக்கமில்லாமல் மாத்திரை எடுத்ததை அறிக்கையில் முதல் பத்தியிலேயே போட்டிருந்தீர்கள். அது நடந்ததை நடக்காததாக்குமா? ஏற்கெனவே மனம் நொந்தவள்தான் தொல்லைக்கு லேசாக அகப்படுவாள். நடந்ததா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லால் செய்யும் தொல்லையையும் 1995இலிருந்து குற்றம் என்கிறது. ஐந்து வருடம் வரை சிறை. அவள் எவ்வளவு அழுதாள் என்று அதில் கேட்கவில்லை.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அவள் சொன்ன வார்த்தையைத் தமிழிலேயே எழுதிவிட்டு, அப்புறம் உங்கள் கருத்தைத் தனியாக எழுதுங்கள்.

அடுத்த மாதம் அவளை மறுபடி அனுப்புகிறார்கள். அன்றைக்காவது, எங்கள் தோட்டத்தைத் தெரியாத ஒரு பெண்ணை மொழிபெயர்க்க வையுங்கள்.