பெற்றோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21

தலைவர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் விளையாட்டு விழா, ஆண்டு விழா, நூலகத்துக்கு வாங்கிய புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த ஆண்டு அவற்றில் எதுவும் நடக்கவில்லை. நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது, பெரும்பாலும் ஜூமில். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி ஆண்டு முழுவதும் நாங்கள் பார்த்தது ஒரே வேலைதான்: பூட்டிக் கிடந்த பள்ளி மறுபடி திறப்பதைப் பற்றிப் பெற்றோருக்குத் தகவல் சொல்வது.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த மாதமே, யுனெஸ்கோ கணக்குப்படி, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். நம் பிள்ளைகளும் அவர்களில் சேர்த்தி. எப்போது திறக்கும் என்று பள்ளிக்கே தெரியாத நிலை. ஆகவே முதல் சில மாதங்கள் நாங்கள் வாய் திறக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது என்ன சொல்வது என்று நினைத்தோம். அந்த முடிவு என்னுடையது, அது தவறு.

நாங்கள் பேசாத இடத்தில் மற்றவர்கள் பேசினார்கள். பள்ளியின் பெயரும் முத்திரையும் போட்ட ஒரு சுற்றறிக்கைப் படம் போனுக்குப் போன் தாவியது. திறக்கும் தேதி, பாடவேளை எல்லாம் அதில் இருந்தன. அத்தனையும் பொய். பலமுறை பகிரப்பட்ட தகவலை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலிலேயே கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. ஆனால் அதையே திரையில் படம் பிடித்துப் புதிதாக அனுப்பினால் யார் தடுக்க முடியும்? இரண்டு நாள் பள்ளி அலுவலகத்தின் போன் ஓயவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு தகவல், எது நடந்தாலும் நடக்காவிட்டாலும். பல வாரங்கள் அதில் இருந்தது இவ்வளவுதான்: "புதிய முடிவு எதுவும் இல்லை. அடுத்த தகவல் வரும் வெள்ளி மாலை." ஒன்றும் இல்லை என்பதைச் சொல்வதற்கு ஒரு செயலாளரா என்று உறுப்பினர் ஒருவர் கேலி செய்தார். இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பதில் வரும் என்று தெரிந்ததும் மற்ற நாட்களில் அலுவலகத்துக்கு வந்த அழைப்புகள் குறைந்தன என்று அலுவலக உதவியாளரே சொன்னார்.

தகவலை எழுதுவது ஒரு வேலை என்றால், கொண்டு சேர்ப்பது இன்னொன்று. அப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் 256 பேர்தான் இருக்க முடிந்தது. எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும்படி ஒலிபரப்புப் பட்டியல் போட்டால், நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போகும். இது தெரியாமல் மூன்று வாரம் அனுப்பிக்கொண்டிருந்தோம். சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ். அங்கேயும் ஒரு சிக்கல். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70தான். புள்ளிக்கும் கொம்புக்கும் தனி இடம் போய்விடும். நாம் மூன்று எழுத்து என்று நினைக்கும் 'பள்ளி', போன் கணக்கில் ஐந்து. "மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் பாதி இடம் அங்கேயே காலி. மரியாதையைச் சுருக்கிக்கொண்டு விஷயத்தை முதலில் வைக்கப் பழகினோம். சிலருக்கு அது வருத்தம்தான்.

திறக்கும் தேதி உறுதியானபோது நான் செய்த பிழையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "வரும் திங்கள் பத்தாம் வகுப்புக்குப் பள்ளி, மற்ற வகுப்புகளுக்கு அதற்கடுத்த திங்கள்" என்று எழுதினேன், தேதி போடவில்லை. வெள்ளியன்று படித்தவர்களுக்குச் சரியாகப் புரிந்தது. அது கைமாறிக் கைமாறி அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு எல்லாத் திங்களும் ஒரு வாரம் தள்ளிப்போயின. பத்தாம் வகுப்பில் சிலர் முதல் வாரத்தையே தவறவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தத் தகவலாக இருந்தாலும் அனுப்பிய தேதி முதல் வரியிலேயே இருக்கிறது. நாளைச் சொன்னால் தேதியும் கூடவே வரும்.

இன்னொரு விஷயம் எங்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பெற்றோர் எண் என்று பதிவேட்டில் இருப்பது பல வீடுகளில் பிள்ளையின் கையில் இருக்கும் போன். ஆன்லைன் வகுப்புக்காகக் கொடுத்தது. பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பை முதலில் படிப்பவர் அந்தப் பிள்ளைதான். படித்துவிட்டு அழித்தவர்களும் உண்டு. பதின்மூன்று வயதில் நாமும் அதைத்தான் செய்திருப்போம். அதனால் முக்கியமான தகவல்களுக்கு வகுப்புப் பிரதிநிதிகள் மாலையில் வீடு வீடாகப் போன் செய்து, பெரியவர் ஒருவரிடம் நேரடியாகப் பேசினார்கள். படிக்கத் தெரியாத தாத்தா பாட்டிகளிடம் வளரும் பிள்ளைகளுக்காகக் குரல் பதிவும் அனுப்பினோம்.

அப்படிப் பேசும்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. பழைய பதிவேட்டைப் பார்த்து ஒரு வீட்டுக்குத் தொடர்ந்து தந்தையின் பெயருக்கே தகவல் அனுப்பிக்கொண்டிருந்தோம். அவர் அந்தத் தொற்றில் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. போனை எடுத்த அந்த அம்மா கோபப்படவில்லை. "இந்த நம்பரை எடுத்துடாதீங்க, பேரை மட்டும் மாத்துங்க" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் யாருக்கும் நான் போன் செய்யவில்லை. மறுநாள் வகுப்பாசிரியர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பதிவேட்டைத் திருத்தினோம். சங்கம் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியது. இந்தப் பேரவையிலும் அதைப் பதிவு செய்கிறேன்.

திறப்பதற்கு முந்தைய வாரங்களில் பெற்றோர் கேட்ட கேள்விகளைத் திரட்டி, பள்ளியிடம் பதில் வாங்கி அனுப்பினோம். நாங்கள் எதிர்பார்த்தது முகக்கவசக் கேள்வியை. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பெரியவர்களைப் போலவே அணியலாம், ஆனால் ஓடி விளையாடும்போது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொல்லியிருந்தன. பள்ளியும் அப்படியே செய்தது. மாணவர்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டதில் வகுப்பறைகள் போதவில்லை. அதனால்தான் வகுப்புவாரியாகத் திறந்தார்கள். ஜன்னல்கள் மூடக்கூடாது என்று முடிவானது.

எதிர்பாராத கேள்விகள்தான் அதிகம். சீருடை அளவு பத்தவில்லை, என்ன செய்வது? எட்டு ஒன்பது மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஷூவும் காலில் ஏறவில்லை. கலர் உடையில் வரலாம் என்று பள்ளி அனுமதித்தது. இந்த ஆண்டு நாங்கள் அனுப்பியதிலேயே அதிக நன்றி வந்தது அந்த ஒற்றை வரிக்குத்தான். அப்புறம், குழாய் வேலை பார்க்கும் ஒரு தந்தை கேட்டது: மாதக்கணக்கில் குழாயில் தேங்கிய தண்ணீர் என்ன ஆயிற்று? எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அந்த நீர் துளியாகத் தெறித்து மூச்சில் போனால் நுரையீரல் காய்ச்சல் வரலாம். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் 'அமெரிக்கன் லீஜியன்' என்ற சங்கம் நடத்திய மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் கண்ட காய்ச்சலிலிருந்து வந்த பெயர் அது. தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, பழைய நீரை வெளியேற்றிய பிறகு, அதைச் செய்த நாளோடு பெற்றோருக்குத் தெரிவித்தோம்.

திறந்த சில வாரங்களில் ஒரு மாணவருக்குத் தொற்று உறுதியானது. எந்த வகுப்பு, யார் யார் வீட்டில் இருக்க வேண்டும், எத்தனை நாள் என்பதை அன்று மாலையே சொன்னோம். பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் எழுத்துமூலம் புகார் தந்தார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனாலும் என் நிலை மாறவில்லை: அந்தப் பிள்ளை குணமாகித் திரும்பி அதே பெஞ்சில் உட்கார வேண்டும். பேரவை வேறு விதமாக முடிவெடுத்தால் அடுத்த செயலாளர் அதன்படி நடப்பார்.

வெள்ளிக்கிழமைத் தகவலைப் பள்ளி முழுமையாகத் திறந்த பிறகும் தொடர்வது என்று குழு முடிவு செய்துள்ளது. குரல் பதிவு செய்து தந்த இரண்டு தாய்மார்களுக்கும், மாலை நேரத்தைப் போனிலேயே கழித்த வகுப்புப் பிரதிநிதிகளுக்கும், நம் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன உதவித் தலைமையாசிரியருக்கும் நன்றி.

இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். வாசல் மேசையில் பதிவேடு இருக்கிறது. போகும்போது உங்கள் எண்ணும், யார் பெயருக்குத் தகவல் வர வேண்டும் என்பதும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.

செயலாளர்