மணியடித்தவன் எழுதும் கடிதம்

அன்புள்ள அக்கா,

பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்கள் கூடும் நம் மாநாட்டுக்கு இந்த ஆண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆமாம், வாங்கினேன். அமைப்புக் குழுவிலிருந்து போன வாரம் விலகிவிட்டேன். மேசை மணியையும் அடாப்டர் பெட்டியையும் அடுத்தவரிடம் ஒப்படைத்தாயிற்று. பெட்டியின் மூடியில் நீங்கள் எழுதிய ‘எடுத்தால் திரும்ப வைக்கவும்’ அழியாமல் இருக்கிறது. யாரும் திரும்ப வைப்பதில்லை என்பதும் மாறாமல் இருக்கிறது.

இதைத் தனிமடலாக அனுப்பியிருக்க வேண்டும். மூன்று முறை அனுப்பினேன், பதில் இல்லை. ஆகையால் பொதுவில் எழுதுகிறேன். ஊர் பார்க்க எழுதினால் என் நாக்கு கொஞ்சம் அடங்கியிருக்கும் என்பதும் ஒரு காரணம்.

2019. மின்னல் உரைகள். கடைசி நாள் மாலை.

பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். எல்லோருடைய ஸ்லைடுகளும் ஒரே லேப்டாப்பில். நான் முன்வரிசையில், ஒரு கையில் ஓடும் கடிகாரம், மறு கை மணியின் மேல். எட்டாவது ஆளாக நீங்கள் ஏறினீர்கள். மைக்கைக் கையில் வாங்கவில்லை, தேவைப்படாது என்று சைகை காட்டினீர்கள். நீங்கள் எழுதி எல்லோருக்கும் பொதுவில் விட்ட நிரல் தொகுப்பு, உங்கள் மாட்யூலைப் பற்றித்தான் பேச்சு. பெர்ல்காரர்களின் பொதுக் களஞ்சியமான சிபானில் 2005-இல் முதலில் ஏற்றியது, பதினான்கு ஆண்டுகளாக வந்த பிழைப் புகார்கள், அவற்றில் ஒருவர் எழுதிய நன்றி. அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. நான் மட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் ஐம்பத்தைந்து நொடி இருக்கும், ‘ஆகவே’ என்றீர்கள். என்றுவிட்டு நிறுத்தினீர்கள். திரையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, மேடையின் விளிம்பைப் பார்த்தீர்கள். ஒரு மூச்சு எடுத்தீர்கள்.

அடித்துவிட்டேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். மணி அடித்தால் கைதட்டுவதுதானே நம் பழக்கம், பாதிச் சொல்லில் ஆளை இறக்குவது ஒரு விளையாட்டு. நீங்களும் சிரித்தபடியே இறங்கினீர்கள். என் பக்கத்தில் வரும்போது ‘சரியாக அடித்தாய்’ என்றீர்கள். அந்த இரண்டு சொற்களை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன் தெரியுமா? ஒரு தொனியில் அது பாராட்டு. மற்ற எல்லாத் தொனியிலும் வேறு.

விதி உங்களுடையது, அக்கா. நானா போட்டேன்? ‘ஆளுக்கு அரை நிமிடம் விட்டால் கடைசியில் பேசுகிறவனுக்கு நேரமே மிஞ்சாது. கடைசியில் பேசுகிறவன் எப்போதும் புதியவன்’ என்று எனக்குப் பாடம் எடுத்தவர் யார்? மொழியை உருவாக்கியவரே வந்து பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் அடி என்றீர்கள். நீங்கள் மணி வைத்திருந்த ஆண்டுகளில் ஒரு பேராசிரியரை நன்றி சொல்லவிடாமல் இறக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். எதையும் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு என்று சொல்லிக்கொள்ளும் பெர்ல்காரர்கள் நாம். மணி அடிக்க மட்டும் ஒரே வழிதான் என்று நீங்களே பழக்கினீர்கள்.

இதுவரை நான் எல்லோரிடமும் சொல்லிவரும் நியாயம். இனி சொல்லாதது. உங்களுக்கு முன்னால் பேசிய ஏழு பேரில் இருவருக்கு நான் இருபது நொடி விட்டேன். ஒருவர் முதன்முறை மேடை ஏறியவர், கை நடுங்கியது. இன்னொருவருக்கு லேப்டாப் சிக்கிக்கொண்டது. காரணங்கள் இருந்தன. ஆனால் விட்டேன் என்பதும் உண்மை. உங்களுக்கு விடவில்லை.

ஏன் என்று கேட்டால், அந்த ஆண்டு நான் அனுப்பிய உரைக் குறிப்பு தேர்வாகவில்லை. பெயரை மறைத்துவிட்டுத்தான் தேர்வுக் குழு படிக்கும், யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் திரும்பி வந்த கருத்தில் ‘தலைப்பு நன்று, உள்ளே ஆள் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதக்கூடியவர் நம் குழுவில் ஒருவர்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். வைத்துக்கொள்ளாமல் அடித்தேன் என்றும் சத்தியம் செய்ய முடியவில்லை.

அதன் பிறகு பின்னறையில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. இருந்தவர்கள் நான்கு பேர், மற்ற இருவரும் இதைப் படிப்பார்கள். 2000 ஜூலையில் ஒருவர் கோப்பைகளைச் சுவரில் வீசியெறிந்த கூட்டத்திலிருந்துதான் பெர்லைப் புதிதாக எழுதும் பெர்ல் 6 திட்டம் புறப்பட்டது. எங்கள் அறையில் கோப்பை எதுவும் பறக்கவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். அரங்குக்கு முன்பணம் யார் கையிலிருந்து போனது என்ற பேச்சையும் விட்டுவிடுகிறேன். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நான் முதன்முதலில் வந்தது 2008. ஒரு தூணை ஒட்டி நின்றிருந்தேன். பேசிக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் வட்டத்தில் நீங்கள் சட்டென்று அரை அடி விலகினீர்கள், பேச்சை நிறுத்தாமலே. அந்த இடைவெளி எனக்கானது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. இப்போது அதற்குப் பாக்மேன் விதி என்று பெயர் வைத்து மாநாடுதோறும் அறிவிக்கிறார்கள். அன்று அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. உள்ளே நுழைந்ததும் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, 2000-ஆம் ஆண்டைப் பழைய நிரல்கள் 19100 என்று அச்சடித்த கதை. எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிப்பதுபோல் நடித்தேன். திங்கட்கிழமை அலுவலகம் போய் எனக்குத் தந்திருந்த பழைய நிரலை ஓட்டினேன். அறிக்கையின் தலையில் 19108 என்று அச்சாகியிருந்தது. ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்துப் பெர்ல் தரும் எண்ணுக்கு முன்னால் ‘19’ என்று ஒட்டிவிட்டுப் போயிருந்தான் யாரோ ஒரு புண்ணியவான். எட்டு ஆண்டுகளாக ஒருவரும் அந்த அறிக்கையின் தேதியைப் பார்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து அப்போது சிரித்தேன், பக்கத்து மேசைக்காரர் எழுந்து பார்க்கும் அளவுக்கு. 2000-இல் பிட்ஸ்பர்கில் அந்தப் பிழையைக் கிண்டல் செய்து 19100 என்று பெயர் வைத்துக்கொண்ட மாநாட்டில்தான் மின்னல் உரைக்கும் அந்தப் பெயர் கிடைத்தது என்று, 2011-இல் மணியை என்னிடம் தரும்போது சொன்னீர்கள். மணிக்கு ஒரு வம்சாவளி சொல்லித் தந்தீர்கள்.

வைஃபை செத்த காலையும் நினைவிருக்கிறது. கருவிகளுக்குக் கொடுக்க ரௌட்டரிடம் இருந்தது 254 முகவரிகள், அரங்கில் 120 பேர், ஆளுக்கு இரண்டு கருவி, சிலருக்கு மூன்று. ஒருமுறை கொடுத்த முகவரியை ஒரு நாள் முழுக்கத் திரும்ப வாங்காத ரௌட்டர். நான் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். நீங்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த ஒரு நாளை அரை மணி நேரமாக மாற்றிவிட்டு எழுந்தீர்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

2019 மாநாட்டுக்குப் பிறகு போய்விட்டீர்கள். மூன்று வாரத்தில் உங்கள் மாட்யூலின் பொறுப்பாளர் பட்டியலில் ‘அடாப்ட்மீ’ என்ற பெயர் ஏறியிருந்தது. தத்தெடுத்துக்கொள்ள ஆள் தேவை என்று பொருள்படும் அந்தப் பொதுப் பெயருக்குக் கைமாற்றிவிட்டு ஒரு சொல் சொல்லாமல் நகர்ந்தீர்கள். அக்டோபரில் பெர்ல் 6-இன் பெயர் ராக்கு என்று மாறியது. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த ஆண்டு அரங்கே இல்லை, எல்லாம் திரையில். நேரம் முடிந்தால் பேசுகிறவர் குரலை அணைக்க ஒரு பொத்தான். அதையும் நான்தான் அழுத்தினேன். கைதட்டலும் கிடையாது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் கேட்காத ஒரு வாக்கியத்துக்காக என்னை இத்தனை ஆண்டுகள் குற்றவாளியாக நிறுத்தியது நியாயமா? வட்டத்தில் இடம் விடச் சொல்லித் தந்தவர், தான் நின்ற இடத்தை மட்டும் அடைத்துவிட்டுப் போகலாமா?

கோபமாகவே முடிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவே லேப்டாப்பில் உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்பது ஸ்லைடு. கடைசி ஸ்லைடில் ‘ஆகவே,’ என்று ஒரு சொல், ஒரு காற்புள்ளி, வேறொன்றும் இல்லை. மற்றதை வாயால் சொல்ல வைத்திருந்தீர்கள். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தானா? கேட்டிருந்தால் நான் கை தூக்கியிருப்பேனா? தெரியவில்லை. இப்போது மாட்யூலை ஒரு கல்லூரிப் பையன் பார்த்துக்கொள்கிறான், ஒழுங்காகவே பார்த்துக்கொள்கிறான். உங்களைப் பற்றிக் கேட்டான். நல்ல உரையாளர் என்று மட்டும் சொன்னேன்.

பெட்டியை ஒப்படைக்கும் முன் கவிழ்த்துத் தட்டியபோது அடியிலிருந்து உங்கள் 2019 கழுத்து அட்டை விழுந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் பெயர் அச்சிட வைத்தீர்களே, அந்த முதல் ஆண்டு அட்டை. அதை மட்டும் நான் ஒப்படைக்கவில்லை. கேட்டால் அனுப்புகிறேன். கேட்காவிட்டால் கொடுப்பதாக இல்லை.

தம்பி