இட்டேரியில் மருந்து அடிக்காதீர்கள்: எங்கள் ஊராட்சி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலிகளுக்கு நடுவே போகும் பழைய வண்டித்தடத்தைத்தான் இட்டேரி என்கிறோம். உங்களுக்கு எந்த இட்டேரி, எந்த நாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆள் அனுப்பியவர்கள் நீங்கள்தான். சாலை அளக்க அதிகாரிகள் வருவதற்குள் புதரை ஒழிக்க வேண்டும் என்று, வியாழக்கிழமை மாலை என் தோட்டத்துக் கிளுவைச் செடி வேலி நெடுகக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தீர்கள். நான் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு போன் செய்திருக்கலாம்.

கிளைபோசேட் அடித்த உடனே செடி வாடாது. நாலைந்து நாள் பச்சையாகவே நிற்கும். அதனால் சனிக்கிழமை விடிகாலையில், வழக்கம்போல அந்த வேலியில் படர்ந்திருந்த முடக்கத்தானையும் தூதுவளையையும் பறித்து என்னிடம் காய்கறி வாங்கும் 27 குடும்பங்களுக்குப் போகும் பைகளில் போட்டோம். காய்கறிக்குக் கணக்கு உண்டு; வேலிக்கீரை மட்டும் கொசுறு. புதன்கிழமை வேலி மஞ்சளானது. காலிக் கேனைத் தேடி எடுத்துப் பெயரைப் படித்த பிறகு, 27 வீட்டுக்கும் நானே போன் செய்தேன். முக்கால்வாசிப் பேர் சமைத்துவிட்டிருந்தார்கள். ஈரோட்டில் ஒரு பாட்டி, பேரனுக்கு முடக்கத்தான் தோசை ஊற்றிக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு, "இனி என்ன கண்ணு செய்யட்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

இந்தக் குடும்பங்கள் விதைப்புப் பட்டத்தின் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிடுபவர்கள். மழை பொய்த்தாலும் புழு விழுந்தாலும் பை இளைக்கும். முகம் சுளிக்க மாட்டார்கள். நல்லது கெட்டது இரண்டிலும் பங்காளிகள். உங்கள் தெளிப்பானுக்கு மட்டும் அவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அங்கக (இயற்கை விவசாய) சான்றிதழ் விதிப்படி, ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு வரும் மாறுகாலம் ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, தென்னை போன்றவற்றுக்கு 3 ஆண்டு. அதைக் கடந்து வந்தவன் நான். வேலியோரத் துண்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டுமோ என்னவோ, ஆய்வாளர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே கேட்கிறேன்: இட்டேரியில் மருந்து அடிக்காதீர்கள்.

பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு யாரும் கிளைபோசேட் தெளிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது. நீங்கள் அனுப்பியவர் கையுறைகூட இல்லாமல் வெறுங்காலோடு அடித்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர் உடம்புக்கு யார் பொறுப்பு? 2023 மார்ச்சில் மாநில அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. இயற்கை விவசாயம் செய்யச் சொல்லும் சுவரொட்டி உங்கள் அலுவலகச் சுவரிலேயே இருக்கிறது. நல்ல பசை, இரண்டு மழைக்கும் உரியவில்லை. கீரியும் காடையும் குடியிருக்கும் இட்டேரியைப் புதர் என்று கணக்கெழுதியது எந்தக் கொள்கைப்படி என்றுதான் புரியவில்லை. நம் பாட்டன்மார் வண்டி ஓட்டிய தடம் அது. ஆட்டை விட்டே சரியாக வைத்திருந்தார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் வர வேண்டும், சாலையும் வேண்டும், மறுக்கவில்லை. நாலு பேர் அரிவாளோடு இறங்கினால் இரண்டு நாள் வேலை. என் வேலியோரத்துக்கான கூலியில் பாதியை நானே தருகிறேன். மருந்து மட்டும் வேண்டாம். இதை ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இட்டேரிக்குத் தெற்கே தோட்டம் வைத்திருப்பவன்

பி.கு: வேலியோரம் இன்னும் மூன்று காலிக் கேன்கள் கிடக்கின்றன. தண்ணீர் மொள்ள நன்றாக இருக்கும் என்று யாராவது வீட்டுக்கு எடுத்துப் போவதற்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.