திறந்த சந்தையும் கழிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த பொருளியல் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். விலையிலும் இறக்குமதியிலும் அரசாங்கம் கைவைக்காமல் விட்டால் கமக்காரனுக்கும் நன்மை, வாங்குகிறவனுக்கும் நன்மை என்பது அதன் சாரம். நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு பரப்புச் செம்மண் தோட்டம் செய்கிறவன். வயது அறுபத்தெட்டு. பொருளியல் படிக்கவில்லை. ஆனால் அரசாங்கம் கைவைக்காத சந்தை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிழமைக்கு மூன்று நாள் விடிய அங்கேதான் நிற்கிறேன்.

முதலில் பழைய கதை. எங்கள் கல்வீடு 1974இல் வெங்காயமும் மிளகாயும் விற்ற காசில் எழும்பியது. சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயம், செத்தல் மிளகாய் வருவதை இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த பெடியள் விசுவமடு, முத்தையன்கட்டு என்று காடு வெட்டப் போய் மிளகாய் நட்டுக் காசோடு திரும்பினார்கள். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து திறந்த பொருளாதாரம் என்றார். வெளியிலிருந்து சரக்கு வந்திறங்க எங்கள் விலை விழுந்தது. அப்பா சாகுமட்டும் ஜே.ஆரை மன்னிக்கவில்லை.

அப்பா சொல்லாமல் விட்ட பாதியையும் நான் சொல்லவேண்டும். அதே 1974இல் அம்மா விடிய நாலு மணிக்குப் பாண் கியூவில் நின்றா. துணி வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கக்கடையில் முறை வரும்வரை இருக்கவேண்டும். கொஞ்சம் கூடுதலாக அரிசி கொண்டுவந்தால் வழியில் மறித்துப் பறிப்பார்கள். கதவு திறந்த பிறகு 1978இல் நான் வாங்கிய முதல் டெற்றோன் சேட்டு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா அதைக் கையாலும் தொடவில்லை.

கதவைச் சாத்தி வைத்தால் உள்ளூர்க்காரன் செழிப்பான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய், யூரியா, சீமெந்து, பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. சாமான் உள்ளே வராதது மட்டுமா, எங்கள் வெங்காயம் தெற்குக்குப் போகவும் வழியில்லை. 2002இல் தெற்குக்குப் போகிற ஏ-9 பாதை திறந்தபோது வெங்காயம் ஏற்றிய லொறிகள் போக, அதே பாதையால் அப்பிளும் பிளாஸ்ரிக் கதிரையும் வந்தன. அன்றைக்குப் பாதை திறந்ததை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

ஆகவே இறக்குமதியை நிற்பாட்டுங்கள் என்று எழுத நான் வரவில்லை. எங்கள் வீட்டிலும் மைசூர்ப் பருப்பும் கோதுமை மாவும்தான் வேகுது.

இனிச் சந்தைக்கு வருகிறேன். எந்தச் சந்தை என்று எழுதவில்லை, குடாநாட்டுக் கமக்காரருக்கு அது தேவையுமில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரண்டு உரப்பையில் அறுபது கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனேன். வியாபாரியின் ஆள் தராசில் வைத்தான். இலக்கம் அவன் பக்கம் பார்த்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தேன், அறுபது சரி. கொப்பியில் எழுதினது ஐம்பத்துநாலு. பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு, அதற்குக் காசில்லை. ஏன் கழிவு என்று கேட்டால் ஒருநாள் பூச்சி, ஒருநாள் ஈரம், ஒருநாள் பிஞ்சு. அன்றைக்குக் காரணமும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் உள்ளதுதானே அண்ணை. விருப்பமெண்டால் தாங்கோ" என்றான்.

கட்டுரையாளர் மூன்று பத்தியில் விளக்கிய சுதந்திரச் சந்தையை அந்தப் பெடியன் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டான். விருப்பமெண்டால் தாங்கோ. எனக்கு விருப்பமில்லை. அடுத்த வியாபாரியிடம் போனேன். அதே விலை, அதே கழிவு. எப்படி வேறாக இருக்கும்? விடிய ஐந்து மணிக்கு எல்லாரும் ஒரே தேத்தண்ணிக் கடையில்தானே நின்றார்கள். வெயில் ஏறினால் கத்தரிக்காய் வாடும், வியாபாரி வாடமாட்டான். திரும்பி வந்து முதல் ஆளுக்கே கொடுத்தேன். கிலோ 120 ரூபா, ஆறு கிலோ கழிவு, 720 ரூபா போனது.

அரை மணித்தியாலத்தில் அதே கத்தரிக்காய் முன்பக்கச் சில்லறைக் கடையில் 250 ரூபா. அங்கே வாங்க வந்த அம்மாவுக்கு ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். பூச்சி இருக்கு, கழிவு தாருங்கோ என்று அவ கேட்டுப் பார்க்கட்டும்! தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறது, நான் பார்த்தேன். கழிவுக்கு எந்தத் திணைக்களம் முத்திரை குத்தினது? இதைப் பற்றி நானே மூன்று கூட்டங்களில் எழும்பிப் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி தந்தார்கள்.

கட்டுரையாளருக்கு ஒரு விடயத்தில் நான் ஒத்துப்போவேன். அரசாங்கத்தின் கை எப்போதும் நல்ல கையில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிற்பாட்டி, பயிர் மஞ்சளடித்த பிறகு அந்த வருட முடிவிலேயே தடையை எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. உலகச் சந்தை விலைக்கு விற்கவேண்டும் என்றார்கள், சரி. என் தோட்டத்துக்கு ஒருமுறை இறைக்க நாலு லீற்றர் வேண்டும். 348 ரூபாவுக்கு இறைத்தவன் 1,360 ரூபாவுக்கு இறைத்தேன். எண்ணெய்க்கு உலகச் சந்தை விலை, என் கத்தரிக்காய்க்கு மட்டும் தேத்தண்ணிக் கடை விலை.

வரியைக் குறைத்தால் சாமான் தானாக மலியும் என்றும் எழுதியிருக்கிறார். 2020 ஒக்ரோபரில் சீனிக்கு இருந்த அறவீட்டைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். அந்த 50 ரூபா உங்கள் கடைச் சீனியில் குறைந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இறக்குமதி செய்கிறவர்கள் நாலைந்து பேர் என்றால் வரி குறைந்த காசு அவர்களோடேயே நின்றுவிடும்.

வெங்காயத்துக்கும் இதே அறவீடுதான். 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் இருக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் என்று நாங்கள் செய்கிற பலதும் அதற்குள் வரும். நிதியமைச்சர் அரச வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் போட்டால் விடிய வேறு விலை. சின்ன வெங்காயம் நட்டு எழுபது நாளில் பிடுங்கலாம். அந்த எழுபது நாளுக்குள் அறவீடு மாறாது என்று யாராவது எழுதித் தருவார்களா? அறவீடு கூடவா குறையவா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. நடமுன்னம் சொல்லுங்கள், பிடுங்குமட்டும் மாற்றாதீர்கள். குறைவு என்று முதலே தெரிந்தால் நான் வெங்காயத்தை விட்டுப் பீற்றூட் போடுவேன். எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி என்றும் சொல்லமுடியாது. இந்தியா 2023 டிசெம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் திடீரென்று நிற்பாட்டினது. இங்கே பம்பாய் வெங்காயம் என்கிற பெரிய வெங்காயம் எட்டாத விலைக்குப் போனது, அங்கே நாசிக் கமக்காரர் றோட்டில் இறங்கினார்கள்.

கழிவை எடுக்க வர்த்தமானியும் தேவையில்லை, நிதியமைச்சரும் தேவையில்லை. சந்தை பிரதேச சபையின் சொத்து, குத்தகைக்கு விடுவது சபை. குத்தகைக் கடதாசியில் நிறுத்த நிறைக்கே காசு என்று ஒரு வரி எழுதினால் போதும். இதுவும் சந்தையில் கைவைப்பது என்று கட்டுரையாளர் சொல்வாரானால், அறுபது கிலோவை ஐம்பத்துநாலு என்று எழுதின கைக்கு என்ன பெயர் என்றும் அவரே சொல்லட்டும்.

விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டி வீட்டு வளையில் தொங்குகிறது. நாலு பரப்பு நடுவதா இரண்டு பரப்போடு நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி இரண்டு போதும் என்கிறா.

கமக்காரன் ஒருவன்,
உரும்பிராய்.