வயிறெரிந்தாலும் பாடலாம்

மாயவரம்
மார்கழி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கதிர் வரும் நேரத்தில் இத்தனை நாள் தண்ணீர் நின்றால் சம்பா என்னத்துக்கு ஆகும்? இங்கேயும் வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதில் பள்ளக்கால் வயலெல்லாம் அழுகிக் கிடக்கிறது. இந்த நிலையிலும் திங்கட்கிழமைதோறும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடித் தேவாரப் பதிகம் பாடலாம் என்று உங்கள் ஊரார் முடிவெடுத்தது எனக்குச் சந்தோஷம். என்ன பாடுவது, எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாய்.

முதலில் ஒன்று. சாமியை இனிக்க இனிக்கப் புகழும் பாட்டாகத் தேடாதே. வயல் மூழ்கியவன் வாயில் அது ஒட்டாது. தேவாரம் பாடிய அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவருமே சாமியோடு வழக்காடியும் பாடியிருக்கிறார்கள். திருவாவடுதுறையில் சம்பந்தர் பாடிய ‘இடரினும் தளரினும்’ பதிகத்தையே எடுத்துக்கொள். அப்பாவின் வேள்விக்குப் பொன் கேட்டுப் பாடியது. நாலு அடியில் துதி. அதன்மேல் இரண்டு அடியில், ‘இதுவோ எமை ஆளுமாறு? கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் இதுதானா உன் அருள்?’ என்று சண்டை. பதினொரு பாட்டில் முதல் பத்திலும் அந்த இரண்டு அடி திரும்பத் திரும்ப வருவதால் ஊர்ச் சனம் முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே உள்ள நாலு அடியைத் தெரிந்தவர் பாடட்டும், திரும்ப வரும் அந்த இரண்டு அடியை, அதாவது வைப்பை, எல்லோரும் சேர்ந்து பாடட்டும். இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது.

பண் காந்தார பஞ்சமம், இன்று கேதாரகௌளை ராகத்தில் பாடுவார்கள். அது பகல் பண். மார்கழி முடியும்வரை விடிகாலையில் வைத்துக்கொள்ளலாம். தை பிறந்த பிறகு சாயங்காலத்துக்கு மாற்றினால் திருவீழிமிழலைப் பதிகத்துக்குப் போய்விடு. ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ குறிஞ்சிப் பண், இரவுக்கு உரியது, ஹரிகாம்போதியில் வரும். பஞ்சக் காலத்தில் அப்பருக்கு நல்ல காசும் சம்பந்தருக்கு, மாற்றும்போது வட்டம் (கழிவு) பிடிக்கிற காசும் கிடைத்ததாம். அந்த வட்டம்தான் ‘வாசி’. நகைக்கடனுக்கு வட்டி கட்டும் நம் ஆட்களுக்கு இதற்கு உரை சொல்ல வேண்டியதில்லை. அடிகள் மிகக் குட்டி. பிள்ளைகள் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடும்.

மூன்றாவதாகத் திருவாரூர்ப் பதிகம், ‘மீளா அடிமை’. கண் இழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண் பெற்று, மற்றதற்காக ஆரூரில் நின்று பாடியது. ‘மூளாத் தீப்போல் உள்ளே கனன்று’ என்கிறார். உமியடுப்பு பார்த்தவனுக்குத் தெரியும் அது என்ன சூடு என்று. கடைசியில் ‘வாழ்ந்து போதீரே’, அதாவது நீராவது நன்றாக இரும் என்று ஒரு குத்து. தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் இருப்பது இந்த ஒரே பதிகம். அதை மத்தியமாவதி ராகத்தில் பாடுவார்கள், அது தெரிந்தவர் யாராவது இருந்தால் பிடித்துக்கொள்வார். அவசரப்படாதே, இரண்டு மாதம் கழித்து எடுத்தால் போதும்.

சுருதி விஷயத்தில்தான் பல ஊர்களில் கெட்டுப்போகிறது. ஆண்களுக்கு 1, 1½ கட்டை சரி. பெண்களுக்கு 5, 5½. முன்னால் இருப்பவர் தன் வசதிக்கு எடுத்துவிட்டால் மற்ற பாதி ஜனம் முணுமுணுப்போடு நின்றுவிடும். சேர்ந்து பாடும்போது 2½ அல்லது 3 கட்டையில் வைத்துப் பார். தொடங்கும் முன் பாட்டில் மிக உயரப் போகும் அடியை மட்டும் எல்லோரையும் ஒருமுறை பாடச் சொல். தொண்டை பிசிறினால் அரைக் கட்டை இறக்கு. சுருதிப் பெட்டி இல்லாவிட்டால் கைபேசியில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வேகம். கைத்தாளம் போடுகிறவர் மூன்றாம் பாட்டுக்குள் ஓட ஆரம்பித்துவிடுவார். ஓடினால் மூச்சு மேலேயே நிற்கும், பாடி முடித்ததும் படபடப்புத்தான் மிஞ்சும். ஒவ்வொரு அடியின் முடிவிலும் முழு மூச்சு எடுக்க இடம் விடு. அடி முழுக்க மூச்சு நீளமாக வெளியே போவதால்தான் நெஞ்சு அடங்குகிறது. மனபாரம் இறங்குகிற மாதிரி இருப்பதில் பாதி இந்த வேலை. மற்றப் பாதி என்ன என்பதை உன்னிடம் நான் சொல்ல வேண்டுமா? வைப்பை எல்லோரும் வாங்கிப் பாடி, பதினொன்றும் முடிய அரை மணி ஆகும். பத்து நிமிடத்தில் முடிந்தால் தாளத்தைப் பிடுங்கி வைத்துவிடு. அப்பரின் திருத்தாண்டகம், விருத்தம் போன்ற பாட்டுகளை எடுக்கும் நாளில் தாளமே வேண்டாம்.

ஒலிபெருக்கி வைக்கலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஒருவர் குரல் பெரிதானால் மற்றவர் வாய் மூடிக்கொள்ளும். ராஜராஜன் பெரிய கோயிலில் பதிகம் பாட 48 பேரை வைத்தான், ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். அவர்களுக்கு ஒரே உடுக்கை, ஒரே கொட்டிமத்தளம். கல்வெட்டிலேயே இருக்கிறது கணக்கு.

பாடும்போது யாராவது உடைந்து அழுவார்கள். அழுகையில் தொண்டை இறுகும், குரல் வராது. பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தால் அடுத்த வாரம் அந்த ஆள் வரமாட்டார். நீங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போங்கள், அடுத்த வைப்பில் வந்து சேர்ந்துகொள்வார். கூட்டமாகப் பாடுவதே அதற்குத்தானே.

சுண்டலுக்கு 40 பேர் என்றால் கொண்டைக்கடலை 2 கிலோ. முந்தின இரவே ஊறப் போடு. உப்பை வெந்த பிறகு போடச் சொல்.

பதிகம் பாடினால் நிவாரணம் தானாக வரும் என்று யாராவது கிளப்பினால் நம்பாதே. கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர்க் கணக்கான அடங்கல் வாங்குவது, காப்பீட்டு ரசீதைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். பாடி முடித்து உட்கார்ந்திருக்கும்போதே யார் யாருக்கு எந்தத் தாள் குறைகிறது என்று கேட்டுவிடு. எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் அதுதான்.

மூன்று பதிகத்தையும் பதம் பிரித்து 30 பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். படிக்கத்தான் பிரித்த பாடம். பாடும்போது சேர்த்தே பாட வேண்டும், இல்லாவிட்டால் சந்தம் நொண்டும். வெள்ளிக்கிழமை பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன். எழுத்தைப் பெரிதாகத்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் விடிகாலை மண்டபத்தில் வெளிச்சம் போதாது, கண்ணாடியை மறக்காமல் எடுத்துவரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்